கண்ணை மூடிய சட்டைக்காரர்

கழக்கூட்டம்
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆயுள் கைதி சுப்ரியா எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் அம்மை அடுத்த பஸ்ஸில் தூக்குவாளியோடு வந்து இறங்குவாள். ஆகையால், இருக்கிறேன். அவ்வளவுதான் செய்தி.

இதற்கு விடுதி என்று பெயர் வைத்த மனிதர் பெரிய தமாஷ்காரராக இருக்க வேண்டும். விடுவதே இல்லை. போனை வந்த அன்றே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். கடிதம் மட்டும் உண்டு, அதையும் வார்டன் சுசீலாபாய் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார். மலையாளம் படிப்பார், இங்கிலீஷ் படிப்பார். தமிழ் எழுத்து அவருக்கு வெறும் ஜிலேபி. கடையில் வியாபாரம் இல்லாத மத்தியானங்களில் என்னைப் பாத்திரங்களுக்கு நடுவே உட்காரவைத்து நீங்கள் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த தமிழ், இதோ, சுவரில் ஓட்டை போடுகிறது. குட்டுக்கு நன்றி.

இப்போது நம்முடைய ஒப்பந்தம். போன வருஷ நீட்டில் விடைத்தாளின் வட்டங்களைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து நிரப்பினேன். தலை முதல் பத்தியில், வால் கடைசிப் பத்தியில். அழகாகத்தான் வந்தது. மார்க்தான் வரவில்லை. அதற்குத் தண்டனையாக இந்த ரிப்பீட்டர் பேட்ச். டாக்டர் படிப்பு வேண்டாம், விலங்கியல்தான் என்று நான் அடம்பிடித்தபோது நீங்கள் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னது: "இந்த ஒரு தடவை ஒழுங்கா எழுது. அதுக்கப்புறமும் அதைத்தான் படிப்பேன்னா, காலேஜுக்கு நானே கூட வருவேன்." நான் சொன்னது: "நான் இல்லாத இந்த மூணு மாசமும் பின்பக்கக் குளத்தை நீங்க பார்த்து எழுதணும்."

ஐந்து கோடையாக நான் அங்கே நீர்க்கோலிகளை, அந்தத் தண்ணீர்ப் பாம்புகளை, பார்த்து வருகிறேன். இந்தக் கோடைதான் நடுவில் அறுகிறது. அதனால்தான் கேட்டேன்.

எப்படிப் பார்ப்பது என்றால்: காலை வெயில் துணி துவைக்கும் கல்லில் விழும்போது போங்கள். பத்தடி தள்ளி நில்லுங்கள். செல்போனில் பேசாதீர்கள். நம் கணக்கு சார் போடுவது போலக் கட்டம்போட்ட சட்டை, மஞ்சளில் கறுப்பு. வால் நுனி கொஞ்சம் இருக்காது. அவர்தான் பெரியவர், நான் சட்டைக்காரர் என்று கூப்பிடுவேன். விஷம் கிடையாது, கோபம் உண்டு. அம்மை பயறுக்குச் சுற்றிக் கட்டியிருக்கும் நைலான் வலையையும் பாருங்கள். அதில் சிக்கினால் தானாக வெளியே வர முடியாது. முடிந்தால் அந்த வலையை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
விடுதலை வேண்டும்
சுப்ரியா


வித்துரா
பிப்ரவரி 17

அன்பு மக்களே,

அப்பா எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. நீ தாராளமாக எழுதியிருக்கிற அந்தச் சொல்லை நான் எழுதமாட்டேன். நம் வீட்டில் பூச்சி என்றுதான் சொல்வோம், விளக்கு வைத்த பிறகு அதையும் சொல்லமாட்டோம். நீ மட்டும் யாரைக் கொண்டு பிறந்தாயோ.

சனிக்கிழமை கடை திறக்குமுன் குளத்துக்குப் போனேன். கையில் பெரிய இட்லிக் கொப்பரையின் மூடியை எடுத்துக்கொண்டேன், ஒரு பாதுகாப்புக்கு. டீக்கடை வன்னியராஜ் பார்த்துவிட்டான். "என்ன அண்ணாச்சி, கொளத்துல இட்லி அவிக்கப் போறீளா?" என்றான். மூடியில் ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீரில் பார்க்கப் போகிறேன் என்றேன். நம்பவில்லை.

பார்த்தது: தவளை இரண்டு மூன்று. கொக்கு ஒன்று. பூச்சி இல்லை. இல்லாததற்கு உள்ளூரச் சந்தோஷப்பட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

வலையை எடுப்பது பற்றி அம்மையிடம் பேசினேன். "மயிலு தின்னுட்டுப் போனா, பயறை ஒம்ம மகளா வந்து நட்டுத் தருவா?" என்றாள். வலை அப்படியேதான் இருக்கிறது.

மக்களே, உன்னை அங்கே அடைத்துப்போட வேண்டும் என்று எனக்கு ஆசையா? நம் வீட்டுக்கு வழி கேட்டால் ஆட்டோக்காரர்கள் இப்போது பாத்திரக்கடை வீடு என்கிறார்கள். ஒருநாள் டாக்டர் வீடு என்று சொல்லிக் கேட்க வேண்டும். வேறொன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடு. பயறு காய்த்ததும் அம்மை தேங்காய் துருவிப் போட்டுத் துவரன் செய்து கொடுத்துவிடுவாள்.

உன் அப்பா,
திரவியம்


கழக்கூட்டம்
மார்ச் 8

கொப்பரை மூடி வீரருக்கு வணக்கம்,

உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன. மூன்றிலும் பூச்சி இல்லை, ஆனால் கொக்கு வளர்ந்துகொண்டே போகிறது. போன வாரம் நாரை அளவு வந்துவிட்டது. பரவாயில்லை, பழக்கம் இல்லாத கண்.

ஒரு கண்டம் தப்பியது. சுசீலாபாய் என்னைக் கூப்பிட்டு, உங்கள் கடிதத்தை நீட்டி, "மோளே, இதில் எந்தா எழுதியிரிக்குன்னது? உறக்க வாயிக்கு," என்றார். என்ன எழுதியிருக்கிறது, சத்தமாக வாசி என்கிறார், அப்பா! 'பாம்பு' என்ற சொல் இரண்டு பாஷைக்கும் ஒன்றுதானே. அங்கேயே என் கதை முடிந்திருக்கும். நல்லகாலம், நீங்கள் பூச்சி பூச்சி என்று எழுதியிருந்தீர்கள். அவர் காதில் அது பூச்சயாக, அதாவது பூனையாக விழுந்துவிட்டது. "வீட்டில் பூச்சய காணானில்லே? பாவம்!" என்று காணாமல் போன பூனைக்காக இரங்கி அன்று எனக்கு ஒரு வாழைப்பழம் அதிகம் தந்தார். உங்கள் பயத்தால் எனக்குக் கிடைத்த பழம்.

நான் இங்கே ஒழுங்காக இருக்கிறேனா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே ஒரு சின்ன விஷயம். டைம்டேபிளில் 'வெள்ளி மாலை: உறக்கம், ஹால் 2, தலையணை கட்டாயம்' என்று ஒரு வரி சேர்த்து அச்சடித்து ஒட்டினேன். நான்கு பேர் தலையணையோடு வந்து வரிசையில் நின்றார்கள். அதில் என் அறைத்தோழி ஆர்ஷாவும் ஒருத்தி. எழுதியது நான் என்று தெரிந்தும் வந்தாள். "சத்யமாயிருந்தாலோ?" என்றாள். ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால் என்ற ஆசை, அப்பா. அதைக் கேட்டபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் அறை நான்காவது மாடி. ஜன்னலைத் திறந்தால் மேம்பாலத்தின் முதுகு. புறா வராமல் ஜன்னலுக்கு வெளியே வலை கட்டியிருக்கிறார்கள். அதில் எப்போதோ சிக்கிய ஒரு இறகு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. பறவை என்ன ஆனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. படித்துக்கொண்டே இருக்கும்போது அந்த இறகைப் பார்ப்பேன். பார்த்தால் மூச்சு முட்டும். பார்க்காமலும் இருக்க முடியாது. வகுப்பில் ஏசி, அறையில் புழுக்கம், நடுவில் ஏறி இறங்கும் படிக்கட்டு. மண்ணை மிதித்து ஒரு மாதம் ஆகிறது. விலங்கியல் கேட்டேன், விலங்கு மாட்டிவிட்டீர்கள்.

சரி, அழவில்லை. இது மழைத்துளி. நான்காவது மாடியில், உள்ளே, மார்ச் மாதத்தில்.

கல்லைப் பாருங்கள் அப்பா. கொக்கை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் பாருங்கள்.

உங்கள்
சுப்ரியா


வித்துரா
மார்ச் 23

அன்பு மக்களே,

இருந்தது! கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். கடைக்கு வந்து வெந்நீர் குடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ சொன்ன கல்லின் மேல்தான். சுருண்டு கிடந்தது. என் கை முழம் இரண்டு இருக்கும். வால் நுனி மொட்டையாக இருந்தது, ஆகையால் உன் ஆள்தான். ஆனால் கட்டம் தெளிவாக இல்லை. மேலெல்லாம் சாம்பல் பூசியது போல மங்கிக் கிடந்தது. சுகமில்லையோ என்னவோ. நான் பதறியதில் மூடி கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்து கோயில் அம்பலமணி மாதிரி சத்தம் போட்டது. அப்போதும் அது ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தது. நல்ல தூக்கம் போல. அதன்பிறகு நான் நிற்கவில்லை.

அம்மைக்குச் சொல்லவில்லை. வன்னியராஜிடம் சொன்னேன். "அண்ணாச்சி, ஒமக்குக் காய்ச்சலா?" என்று கேட்டான்.

அப்பா


கழக்கூட்டம்
மார்ச் 30

அப்பா,

இந்தத் தடவை வேடிக்கை எழுத வரவில்லை.

பாம்புக்கு இமை கிடையாது. எந்தப் பாம்புக்கும் கிடையாது. அது கண்ணை மூடவே முடியாது, தூங்கினாலும், செத்தாலும். என் ஏழாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஆக, நீங்கள் போகவில்லை. மொட்டை வால், துணி துவைக்கும் கல், எல்லாம் நான் எழுதிக்கொடுத்தவை. நீங்களாகச் சேர்த்தது அந்த மூடிய கண் மட்டும். மனுஷர் தூங்குவது போலத் தூங்க வைத்துவிட்டீர்கள். ஊரை ஏமாற்றுகிறவள் நான். என்னையே ஏமாற்றினால் அதில் ஒரு தரம் வேண்டாமா, அப்பா?

பயமாக இருக்கிறது, போகமாட்டேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் சிரித்திருப்பேன். நான் இங்கே அந்தக் குளத்தை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு டெஸ்டும் எழுதுகிறேன். காலையில் கல்லில் வெயில் விழும் நேரத்துக்கு எனக்கு பிசிக்ஸ். இந்நேரம் அப்பா அங்கே நிற்கிறார் என்று ஒரு நினைப்பு இருக்கும். அது மட்டும்தான் இந்தக் கட்டடத்தில் எனக்கு இருந்த கதவு. அதுவும் சுவரில் வரைந்த கதவு என்று ஆகிவிட்டது.

ஒப்பந்தம் முறிந்தது. மே மாதம் நான் பரீட்சை ஹாலுக்குப் போவேன், போகாமல் விடமாட்டார்கள். ஆனால் விடைத்தாளில் போன வருஷத்தைவிட நீளமான பாம்பு வளையும். அடுத்த வருஷமும் இங்கேயே அடையுங்கள். அதற்கடுத்த வருஷமும்.

இனி குளத்தைப் பற்றி எழுத வேண்டாம். கொக்கைப் பற்றியும் வேண்டாம்.

சுப்ரியா


வித்துரா
ஏப்ரல் 7

அன்பு மக்களே,

இமை விஷயம் எனக்குத் தெரியாது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவனில்லை, பத்து வரை படித்தவன், ஆனால் அதெல்லாம் மறந்துபோயிற்று. கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு தெரியவில்லை. வெள்ளையாக, நீலம் கலந்த மாதிரி, துணி போட்டு மூடியது போல இருந்தது. மூடியிருக்கிறது என்று நினைத்தேன். அதைத்தான் எழுதினேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் மறுபடி போனேன். அன்று இல்லை. அதற்கடுத்து இரண்டு தடவை போனதிலும் இல்லை. நேற்றுப் போனபோது பயறு வலையின் அடியில் இது சிக்கிக் கிடந்தது. உள்ளே ஆளில்லை, சட்டை மட்டும். கடையிலிருந்து இடுக்கி கொண்டுவந்து எடுத்தேன். முதலில் இடுக்கியால். பிறகு வலைக்கண்ணில் கிழியாமல் எடுப்பதற்குக் கையால்தான் முடிந்தது.

இத்துடன் வைத்திருக்கிறேன். தலைப் பக்கம் மெதுவாகப் பிரி. கண் இருந்த இடத்தில் சின்னக் கண்ணாடிச் சில்லு போல ஒன்று இருக்கிறது. அது என்ன என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

சாப்பிடு.

அப்பா


கழக்கூட்டம்
ஏப்ரல் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் ஆர்ஷாவைப் பார்க்க வந்த அவள் அண்ணன் சுஜித்தின் டிபன் பாத்திரத்தில், மீந்த புட்டுக்குக் கீழே பயணம் செய்கிறது. தேங்காய் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

உங்கள் உறையைச் சுசீலாபாய் வழக்கம்போல் மேஜையில் வைத்துப் பிரித்தார். காகிதத்தை உதறினார். சட்டைக்காரரின் சட்டை முழுசாக அவர் மடியில் விழுந்தது. பிறகு நடந்ததை முழுவதும் எழுத இடமில்லை. நாற்காலி மேல் ஏறினார். நாற்காலி சக்கரம் வைத்தது. ஓடும் நாற்காலியில் நின்றபடி, "அய்யோ, பாம்பே!" என்று ஆபீஸிலிருந்து சாப்பாட்டு அறை வரை ஊர்வலம் போனார். என் வாழ்நாளின் மிகப்பெரிய குறும்பு. ஒன்றுமே செய்யாமல் நடந்தது. செய்தவர் என் அப்பா. நானே செய்ததாக எல்லோரும் நினைத்தார்கள், நானும் மறுக்கவில்லை. அவ்வளவு பெரிய பேரை விட மனசு வருமா?

தண்டனை: பரீட்சை முடியும்வரை கடிதம் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. சாப்பிடவும் வகுப்புக்கும் தவிர அறையைவிட்டு இறங்கக் கூடாது. நீங்கள் எழுதினாலும் எனக்குத் தரமாட்டார்கள். எழுதாதீர்கள்.

சட்டையைக் குப்பையில் போட்டார்கள். ஆர்ஷா, பாம்பு என்றால் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறவள், போய் எடுத்துக்கொண்டு வந்தாள். தலைப் பக்கம் மட்டும் கிடைத்தது. இப்போது என் கெமிஸ்ட்ரிப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அந்தச் சில்லும் இருக்கிறது.

அது என்ன என்று கேட்டீர்கள். இமைக்குப் பதில் பாம்பின் கண்மேல் எப்போதும் இருக்கும் கண்ணாடித் தோல் அது. சட்டை உரிக்கும் முன் பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே நீர் கட்டும். அப்போது கண் பாலாக மங்கும், நீலமாகத் தெரியும். மேலெல்லாம் சாம்பல் பூசினாற்போல் ஆகும். கண் சரியாகத் தெரியாததால் அது அசையாமல் கிடக்கும். நீங்கள் எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றையும், ஒவ்வொன்றாக எழுதியிருந்தீர்கள். நான்தான் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் படிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சலோடு. ஐந்து கோடையில் நான் ஒருதடவைகூட அந்தப் பால்கண்ணைப் பார்த்ததில்லை. படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

மன்னிப்பு என்று எழுதினால் அதையும் குறும்பு என்று நினைத்துவிடுவீர்களோ என்று பயம். நினைக்க வேண்டாம்.

ராத்திரியெல்லாம் அந்தச் சில்லைப் பற்றி யோசிக்கிறேன். கண்ணை மூடவும் முடியாது, சரியாகப் பார்க்கவும் முடியாது, கிடக்க வேண்டியதுதான். நானும் இப்போது அப்படித்தான் கிடக்கிறேன். இதற்குப் பிறகு தோல் உரியுமா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. நன்றாக எழுதினால் டாக்டர் வீடு. எழுதாவிட்டால் மறுபடி இந்த நான்காவது மாடி. காலேஜுக்கு என்னோடு வருவேன் என்றீர்கள், ஆனால் மார்க் வந்துவிட்டால் அம்மை விடுவாளா, நீங்களேதான் விடுவீர்களா? எப்படி வளைந்தாலும் வலைதான், அப்பா.

சுஜித் டிபனை மூடச் சொல்கிறார்.

உங்கள்
சுப்ரியா


கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு
ஞாயிறு காலை, உன் பரீட்சை நாள்

அன்பு மக்களே,

எழுதாதீர்கள் என்றாய். தபாலில்தானே போடக் கூடாது. கையில் தருவதற்காக இங்கே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பரீட்சை முடிந்த பிறகு தரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, உள்ளே போகுமுன்னே தருவதுதான் சரி என்று தோன்றியது. உள்ளே காகிதம் விடமாட்டார்களாம், படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடு.

முதலில் குளம். புதன்கிழமை காலை அது வலையில் சிக்கிக் கிடந்தது. சட்டையில்லை, ஆளே. இரண்டு கண்ணிகள் உடம்பை இறுக்கி, தோல் வெட்டுப்பட்டிருந்தது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. நீ எழுதியது ஞாபகம் வந்தது, தானாக வெளியே வராது என்று. கடையிலிருந்து கத்தரி எடுத்துவந்தேன். வன்னியராஜை வாலைப் பிடிக்கச் சொன்னேன். "அண்ணாச்சி, எனக்குக் கல்யாணம் ஆகல்ல" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டான். நானேதான் பிடித்து, நானேதான் வெட்டினேன். கடைசிக் கண்ணியை வெட்டும்போது கட்டைவிரலில் கடித்துவிட்டது. நல்ல கோபம், நீ சொன்னதுபோலவே. இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டி ஊசி போட்டுக்கொண்டேன். அம்மையிடம் தகரம் கீறியது என்றேன். அது விடுபட்டுப் போகும்போது பார்த்தேன், கட்டமெல்லாம் புதிதாக, பளபளவென்று இருந்தது. கண் கறுப்பாக இருந்தது.

வலை முழுவதையும் அறுத்துச் சுருட்டிவிட்டேன். பயறை மயில் தின்னத் தொடங்கிவிட்டது. அம்மை மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

இனி மற்றது. வெள்ளிக்கிழமை சரக்கு எடுக்கச் சாலைக்கடை மார்க்கெட்டுக்கு வந்தபோது நீ முன்பு வீட்டில் சொன்ன காலேஜுக்குப் போனேன். காவலாளி எங்கே போக வேண்டும் என்று கேட்டார். உன் படிப்பின் பெயர் நாக்கில் வரவில்லை. "பாம்பு படிக்கிறதுக்கு எந்த வாசல்?" என்று கேட்டேன். நன்றாகச் சத்தமாகவே கேட்டுவிட்டேன், அங்கே நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, இடதுபுறம் மாடி என்று காட்டினார். ஏறிப் பார்த்தேன். டீச்சர் ஒருவர் எப்போது சேர்க்கை என்று சொன்னார். பெண் என்ன மார்க் என்று கேட்டார். இன்னும் வரவில்லை, வந்தாலும் வராவிட்டாலும் இங்கேதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகையால் நீ உள்ளே போய் என்ன வரைந்தாலும் சரி. அந்த நான்காவது மாடிக்கு இனி உன்னை அனுப்பமாட்டேன். ஆட்டோக்காரர்கள் பாத்திரக்கடை வீடு என்றே சொல்லட்டும். அம்மையிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்கு உன் உதவி வேண்டும்.

உன் அப்பா,
திரவியம்


(அதே தாளின் பின்பக்கம்)

அப்பா,

இது உங்கள் பேனா. உள்ளே அவர்களே பேனா தருவார்களாம், இதையும் இப்போதே திருப்பித் தந்துவிடுகிறேன். பக்கத்திலேயே நிற்கும் உங்களுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்டீர்கள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், வரிசையில் எல்லோரும் பார்க்கிறார்கள், என் பேர் கெட்டுவிடும்.

கட்டைவிரலைக் காட்டச் சொன்னதும் பின்னால் மறைத்துக்கொண்டீர்களே. பார்த்துவிட்டேன். பல்வரிசை அழகாக விழுந்திருக்கிறது. எனக்கு இதுவரை ஒரு கடிகூடக் கிடைத்ததில்லை. ஐந்து கோடையாக நான் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. தொட்டது நீங்கள்தான்.

கேட்டைத் திறந்துவிட்டார்கள். இத்தனை மாதமாக ஒவ்வொரு வாசலிலும் என்னை யாரோ உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். இன்று பின்னால் யாரும் இல்லை. திரும்பி உங்களோடு பஸ் ஏறிவிடலாம். நீங்களும் ஒன்றும் சொல்லமாட்டீர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால்தான் போகிறேன். வட்டங்களை ஒழுங்காகவே நிரப்புகிறேன், வளைக்கவில்லை. ஒப்பந்தத்தில் என் பக்கம் அதுதானே.

அம்மையிடம் நான் பேசிக்கொள்கிறேன். பயறும் நானே நட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். மூங்கில் குச்சிதான், வலை கிடையாது.

வெயிலில் நிற்காதீர்கள். எதிரில் நிழல் இருக்கிறது.

சுப்ரியா